‘சொல்லை மாற்று’ என்னும் அறிவுரைக்கு எதிராக

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலத்தில் ஓர் ஆய்வு மாணவர் மிகுதியாகக் கேட்கும் அறிவுரை எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: “சொற்களை மாற்றிவிடுங்கள், சதவீதம் இறங்கிவிடும்.” ஒப்புமை அறிக்கையில் 18 என்று வந்திருக்கிறது, அதை 10க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்காகக் கருத்தை மறுபடி சிந்திக்க வேண்டியதில்லை. மேற்கோள் குறி இட மறந்த இடத்தைத் தேட வேண்டியதில்லை. எவருடைய நூலிலிருந்து எடுத்தோம் என்று அடிக்குறிப்பில் சொல்ல வேண்டியதும் இல்லை. சொல்லை மாற்றினால் போதும். இதை நெறியாளர்கள் சொல்கிறார்கள், மூத்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், பல்கலைக்கழக வாயிலருகே ஆய்வேட்டை அச்சிட்டு அட்டை கட்டித் தரும் கடைக்காரரும் சொல்கிறார். அவர் மட்டும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கிறார். மற்றவர்கள் இலவசமாகச் சொல்கிறார்கள்.

இது தீய அறிவுரை. ஒரு துறையைக் கற்பதன் பெரும்பகுதி, அத்துறையின் சொற்களில் எது எங்கே நிற்கும், எது நிற்காது என்று அறிவதுதான். அவ்வாறு அரும்பாடுபட்டு அறிந்த சொல்லை, அது சரியான சொல்லாக இருப்பதனாலேயே கைவிடும்படி ஒருவரைப் பழக்குவது, கற்றதை அழிக்கப் பழக்குவதாகும். திருட்டைத் தடுக்கிறோம் என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருப்பது இதுவே.

இவ்வறிவுரை எங்கே போய்ச் சேரும் என்பதை 2021 ஜூலையில் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு உலகுக்குக் காட்டியது. ஆய்விதழ்களில் அச்சான கட்டுரைகளில் விந்தையான ஆங்கிலத் தொடர்கள் தென்படுவதை அவர்கள் கண்டார்கள். ‘ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ இருந்தது. செயற்கை நுண்ணறிவு ‘கள்ள உணர்வுநிலை’ ஆகியிருந்தது. ‘பிக் டேட்டா’, ‘கொலாசல் இன்ஃபர்மேஷன்’ ஆயிற்று. ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்னும் கணிப்பு முறை ‘இர்ரெகுலர் டிம்பர்லேண்ட்’ என்று ஒழுங்கற்ற மரக்காடாய் விரிந்தது. ‘சிக்னல் டு நாய்ஸ்’ என்பதில் சிக்னல் கொடியாகவும் நாய்ஸ் அமளியாகவும் மாறி ‘ஃப்ளாக் டு கமோஷன்’ என்று நின்றது. சித்திரவதைக்குள்ளான தொடர்கள் என்று பொருள்படும்படி ‘டார்ச்சர்ட் ஃப்ரேசஸ்’ என இவற்றுக்குப் பெயரிட்டார்கள். பிறகு இதே வகைத் தொடர்கள் மருத்துவக் கட்டுரைகளிலும் கண்டெடுக்கப்பட்டன. ‘பிரெஸ்ட் கேன்சர்’, ‘புசம் பெரில்’ ஆகியிருந்தது. சிறுநீரகச் செயலிழப்பைக் குறிக்கும் ‘கிட்னி ஃபெயிலியர்’, சிறுநீரகம் மனமுடைந்ததுபோல் ‘கிட்னி டிஸப்பாயின்ட்மென்ட்’ ஆகியிருந்தது. ‘லாக்டோஸ் இன்டாலரன்ஸ்’ என்பது ‘லாக்டோஸ் பிகட்ரி’ ஆகியிருந்தது.

படித்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிக்கும் உரிமை குறைவு. அத்தகைய கட்டுரைகளின் முகவரிகளில் இந்திய நிறுவனங்களும் இருந்தன. மேலும் கவனிக்க வேண்டியது, இத்தொடர்களை எழுதியவர் ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்ற சொல்லை அறியாதவர் அல்லர். அறிந்து, மூலக் கட்டுரையில் கண்டு, அதை அப்படியே வைத்தால் மென்பொருள் பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சி, வேறொரு மென்பொருளின் கையில் ஒப்படைத்தவர். அங்கே இருந்தது சொல்லறிவின் குறையன்று, சரியான சொல்லைக் கண்டு எழுந்த அச்சம்.

கோளாறு நேரும் வழியைச் சற்றுப் பார்ப்போம். ‘இன்டாலரன்ஸ்’ என்பதற்குப் பிற சமயத்தாரைப் பொறுக்காமை என்று ஒரு பொருள் உண்டு. உடல் ஓர் உணவை ஏற்காமை என்று மற்றொரு பொருள் உண்டு. முதற்பொருளுக்கு ‘பிகட்ரி’ இணைச்சொல் ஆகலாம். இரண்டாவதற்கு ஆகாது. மென்பொருள் சொல்லைப் பார்த்தது, அது நிற்கும் வாக்கியத்தைப் பார்க்கவில்லை. பால் சர்க்கரையின்மீது மதவெறி பிறந்தது.

நம் நிகண்டு ஆசிரியர்கள் இவ்வகை விபத்தை அறிந்தவர்கள். திவாகரம் முதலான நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்ததோடு நிற்கவில்லை. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் தனித் தொகுதியாக வைத்தன. திண்ணைப் பள்ளி மாணவன் இரண்டையும் மனனம் செய்தான். கூடவே அச்சொற்கள் வாழும் செய்யுட்களையும் கற்றான். நமது ஆங்கிலக் கல்வியோ முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள்கள் தொடங்குவதே ‘சினானிம்’, ‘ஆன்டனிம்’ வினாக்களில்தான். வாக்கியமொன்றைக் கொடுத்து அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டிருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் வாக்கியத்தை எவர் படிக்கிறார்? விடை முன்பே பட்டியலில் மனப்பாடமாக இருக்கிறது. பிறகு எஸ்எஸ்சி தேர்வு, வங்கித் தேர்வு என்று எங்கு போனாலும் அதே பட்டியல், அதே நான்கு விடைகள். நான் தங்கியிருக்கும் விடுதியில் வங்காள மாணவரும் ஒடிசா மாணவரும் தெலுங்கு மாணவரும் இருக்கிறார்கள். எங்களுக்குள் பொதுவான ஆங்கிலப் பாரம்பரியம் என்று ஒன்று உண்டென்றால், இந்த இணைச்சொல் பட்டியல்தான் அது.

இருபது ஆண்டுகள் இப்படிப் பழகிய மனம், ஒரு சொல்லின் இடத்தில் மற்றொரு சொல்லை வைப்பது மதிப்பெண்ணுக்குரிய செயல் என்று நம்புவதில் வியப்பென்ன? மருத்துவரான பீட்டர் மார்க் ரோஜே 1852இல் தம் சொற்களஞ்சியத்தை வெளியிட்டபோது, அதைக் கருத்துகளின் அடிப்படையில் வகுத்தார். கருத்து மனத்தில் தெளிவாக இருந்து, அதற்கேற்ற சொல் நாவுக்கு எட்டாமல் நிற்பவருக்குரிய நூல் அது. நாம் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். சரியான சொல் கையில் இருக்கிறது. அதை விட்டு ஓடுவதற்கு நூலைத் திறக்கிறோம்.

ஒரு பொருள் தரும் சொற்கள் ஒரே இடத்தில் நிற்கமாட்டா என்பதைத் தமிழ் மாணவருக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரத்தற் சொற்களே. ஆயினும் கொடுப்பவனினும் தாழ்ந்தவன் கேட்கும்போது ஈ, ஒத்தவன் கேட்கும்போது தா, உயர்ந்தவன் கேட்கும்போது கொடு என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வரையறுத்தார். மரபியலில் இளமைப் பெயர்களை எந்தெந்த உயிருக்கு எது என்று பிரித்துவைத்தார். இன்றும் வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை என்று சொல்லும் நாம், ‘கரும்பு ஓலை’ என்று எழுதியவனைப் பார்த்துச் சிரிப்போம். ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். ஜே. ஆர். ஃபர்த் என்னும் மொழியியலாளர் ஒரு சொல்லின் பொருளை அதன் உடன்வரும் சொற்களில் தேடச் சொன்னார். அவருடைய மாணவர் ஹாலிடே தேநீரை வைத்தே அதை விளக்கினார்: ‘ஸ்ட்ராங் டீ’ உண்டு, ‘பவர்ஃபுல் டீ’ இல்லை, ‘பவர்ஃபுல் கார்’ உண்டு, ‘ஸ்ட்ராங் கார்’ என்றால் வேறாகிவிடும். இங்கே இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பொருளும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒன்று ஆங்கிலம், மற்றது அன்று.

தேநீரில் நேர்ந்தால் சிரிப்போடு போய்விடும். ஆய்வேட்டில் நேர்ந்தால் என்ன ஆகும்?

ஒரு சமூகவியல் ஆய்வேட்டின் முறையியல் இயலை எடுத்துக்கொள்வோம். விடையளித்தோர் ‘சிம்பிள் ரேண்டம் சாம்ப்ளிங்’ முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்ற வாக்கியம் அதில் இருக்கும். உலகெங்கும் எண்ணற்ற ஆய்வேடுகளில் அதே வாக்கியம் அதே சொற்களில் இருக்கும், இருந்தாக வேண்டும். மென்பொருள் அதற்கு வண்ணம் பூசும். மாணவர் சொல்லை மாற்றத் தொடங்குவார். ‘ரேண்டம்’ என்பதற்கு அருகிலேயே ‘ஆர்பிட்ரரி’ கிடைக்கும். அன்றாட ஆங்கிலத்தில் அவ்விரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள். புள்ளியியலில் பகைவர்கள். முழுத்தொகுதியிலுள்ள ஒவ்வோர் அலகுக்கும் சம வாய்ப்பு அளித்துக் குலுக்கல்போல் எடுப்பது முன்னது. ஆய்வாளர் தம் மனம்போனபடி எடுப்பது பின்னது. பின்னதைத் தடுப்பதற்கென்றே முன்னதைக் கண்டுபிடித்தார்கள். வெயிலில் அலைந்து, வாக்காளர் பட்டியலிலிருந்து எண்களைக் குலுக்கி எடுத்து, நேர்மையாகக் கள ஆய்வு செய்த மாணவர், இந்த ஒரு சொல்லால் தாம் மனம்போனபடி ஆட்களைப் பொறுக்கியதாகத் தம் கைப்பட எழுதிக்கொடுக்கிறார். சதவீதம் இறங்குகிறது. எல்லோரும் மகிழ்கிறார்கள்.

‘சிக்னிஃபிகன்ட்’ என்பதை ‘இம்பார்ட்டன்ட்’ ஆக்குவது இதற்குச் சற்றும் குறைந்ததன்று. அதைப் பற்றி ஏற்கெனவே பலரும் எழுதிவிட்டார்கள். பொதுச் சுகாதாரத்தில் ஓர் இணை உண்டு, அதைச் சொல்ல வேண்டும். ‘பிரெவலன்ஸ்’ என்பது ஒரு காலத்தில் ஒரு நோயோடு வாழ்வோர் எத்தனை பேர் என்பதைக் காட்டும். ‘இன்சிடன்ஸ்’ என்பது குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோயுற்றோர் எத்தனை பேர் என்பதைக் காட்டும். எச்ஐவிக்கு நல்ல மருந்து கிடைத்து நோயாளிகள் நெடுநாள் வாழ்ந்தால், புதிய தொற்றுகள் குறையும்போதே முதல் எண்ணிக்கை உயரக்கூடும். அதாவது ஓர் அரசுத் திட்டத்தின் வெற்றி, சொல் மாறிய அளவில் தோல்வியாகக் காட்சியளிக்கும். இவ்விரு சொற்களையும் பொதுவான இணைச்சொல் பட்டியல்களில் அருகருகே காணலாம்.

இவையாவது கலைச்சொற்கள், தேர்வாளர் விழிப்பாக இருந்தால் பிடித்துவிடலாம். என்னை அதிகம் கலங்கச் செய்வது, கலைச்சொல்லாகக் கூடத் தோன்றாத எளிய வினைச்சொற்கள். பிறருடைய கருத்தை எடுத்துரைக்கும்போது ஆங்கில ஆய்வுரைநடை ‘சஜெஸ்ட்’, ‘ஆர்க்யூ’, ‘கிளெய்ம்’, ‘ஷோ’, ‘டெமான்ஸ்ட்ரேட்’, ‘ப்ரூவ்’, ‘அட்மிட்’ என்று பல வினைகளை வைத்திருக்கிறது. பள்ளியில் இவையெல்லாம் ‘சே’ என்பதன் வேறு வடிவங்கள். மாணவருக்கான ஆங்கில எழுத்துப் பயிற்சிக் கையேடுகள் சில, ஒரே வினையைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துக என்று அறிவுறுத்துகின்றன. மாற்றுவதன் பொருள் என்ன? ‘சஜெஸ்ட்’ என்றால் சான்று ஒரு பக்கம் சாய்கிறது, இன்னும் முடிவாகவில்லை. ‘டெமான்ஸ்ட்ரேட்’ என்றால் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டார். ‘கிளெய்ம்’ என்றால் அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. ‘அட்மிட்’ என்றால் மறைக்க விரும்பியதை ஒப்புக்கொண்டார். தமிழில் எண்ணிப் பாருங்கள்: கூறினார், வாதிட்டார், நிறுவினார், சாதித்தார், ஒப்புக்கொண்டார், பிதற்றினார். ஒரு மூத்த அறிஞர் ஒரு கருத்தைக் கூறினார் என்ற இடத்தில் பிதற்றினார் என்று எழுதிவிட்டு, நடையழகுக்காக மாற்றினேன் என்று எந்தத் தமிழ் மாணவராவது சொல்வாரா? ஆங்கிலத்தில் அன்றாடம் சொல்கிறோம்.

இங்கே பாதிக்கப்படுபவர் எழுதுபவர் மட்டுமல்லர். நாற்பது நோயாளிகளை வைத்து ஒருவர் மிகுந்த தயக்கத்தோடு ‘சஜெஸ்ட்ஸ்’ என்று எழுதியதை, சதவீதத்துக்கு அஞ்சிய ஒருவர் ‘டெமான்ஸ்ட்ரேட்ஸ்’ என்று மாற்றுகிறார். மூன்றாமவர் இவரை மேற்கோள் காட்டி ‘ப்ரூவ்ஸ்’ என்று எழுதுகிறார். எவரும் பொய் சொல்லவில்லை; எவரும் எதையும் திருடவில்லை; மூன்று ஒப்புமை அறிக்கைகளும் பச்சை நிறத்தில் இருக்கின்றன. ஐயம் உறுதியாகிவிட்டது.

சொல் மாற்றம் எளிய காரியம் என்று இன்னும் கருதுவோர், நம் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பின் வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும். உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் எந்த அடிப்படையில் மட்டும் பறிக்கலாம் என்பது கேள்வி. முதலில் ‘டியூ ப்ராசஸ் ஆஃப் லா’ என்ற அமெரிக்கத் தொடர் இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அத்தொடர் நீதிபதிகளுக்கு அளிக்கும் வரம்பற்ற அதிகாரம் பற்றி அவர் எச்சரித்தார். வரைவுக் குழு அதை நீக்கி, ஜப்பானிய அரசியலமைப்பை ஒட்டி, ‘ப்ரொசீஜர் எஸ்டாப்ளிஷ்ட் பை லா’ என்று வைத்தது. 1948 டிசம்பரில் சபை இதன்மேல் கடுமையாக விவாதித்தது. அம்பேத்கர் இரு தரப்பின் அச்சங்களையும் எடுத்துரைத்து, முடிவைச் சபைக்கே விட்டார்.

விளைவு என்ன? 1950இல் ஏ. கே. கோபாலன் சென்னை மாகாண அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சபை வேண்டுமென்றே முதல் தொடரை விலக்கி இரண்டாவதைத் தேர்ந்தது என்பதை உச்ச நீதிமன்றம் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கொண்டது. சட்டமன்றம் இயற்றிய நடைமுறை பின்பற்றப்பட்டால் போதும். அந்நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்காது என்றாயிற்று. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை நேர்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்ற விளக்கம் நிலைபெற்றது. இடையில் 28 ஆண்டுகள். விசாரணையின்றிச் சிறையிலிருந்தோரின் விடுதலை, இரண்டு ஆங்கிலத் தொடர்களுக்கு இடையிலான தூரத்தில் தொங்கியது. சட்டத்துறை ஆய்வு மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டில் இவ்விரு தொடர்களையும் பலமுறை எழுதியே ஆக வேண்டும். அவற்றைப் பிறரும் எழுதியிருக்கிறார்கள் என்பதற்காக ‘மாற்றி எழுது’ என்று அவரிடம் சொல்பவருக்கு, அந்த ஆய்வேட்டை மதிப்பிடும் தகுதி உண்டா?

இதில் கொடுமை என்னவென்றால், விதி இதைக் கோரவேயில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கல்வி நேர்மை ஒழுங்குமுறை நம் கையில் இருக்கிறது. அதன் எண்களை எல்லோரும் அறிவர்: 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும், 60 வரை ஓராண்டுத் தடை, அதற்கும் மேல் பதிவு ரத்து. இவ்வெண்கள் துறை அறிவிப்புப் பலகைகளில் ஒட்டப்பட்டுள்ளன. அதே ஒழுங்குமுறையில், உரிய முறையில் மேற்கோள் காட்டிய பகுதிகள், துணைநூற்பட்டியல், பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், வழக்கமான குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவற்றை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பொதுவறிவும் தற்செயலாக ஒத்துவரும் தொடர்களும், அடுத்தடுத்து 14 சொற்கள் வரை, கணக்கில் வரா என்றும் இருக்கிறது. இதை எந்தப் பலகையிலும் நான் கண்டதில்லை. ‘சிம்பிள் ரேண்டம் சாம்ப்ளிங்’ மூன்று சொற்கள். ‘ப்ரொசீஜர் எஸ்டாப்ளிஷ்ட் பை லா’ நான்கு. குறைந்த சொல்லளவுள்ள ஒப்புமைகளை விலக்கும் வசதி டர்னிட்டின் மென்பொருளிலேயே இருக்கிறது. அதை இயக்குபவர் ஒரு பெட்டியில் எண்ணை இட வேண்டும், அவ்வளவே. தாங்கள் தரும் எண் ஒப்புமையைக் காட்டுமேயன்றித் திருட்டைத் தீர்மானிக்காது என்று அந்நிறுவனமே சொல்லிவருகிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்கியவருக்குத் தெரியவில்லை.

ஒழுங்குமுறை திருட்டை வரையறுக்கும்போது பிறர் படைப்பை மட்டுமின்றிப் பிறர் கருத்தையும் தனதாகக் காட்டுவதைச் சேர்த்தே சொல்கிறது. அப்படியெனில், ஒருவருடைய பத்தியை எடுத்து, சொல்தோறும் இணைச்சொல் பொருத்தி, பெயர் குறிப்பிடாமல் வைப்பது முழுத் திருட்டு; சதவீதம் சுழியமே ஆனாலும் திருட்டு. ‘சொல்லை மாற்று’ என்று வழிகாட்டுபவர் திருட்டைத் தடுக்கவில்லை, தடயத்தை அழிக்கக் கற்றுக்கொடுக்கிறார். மறுபுறம், பெயர் குறிப்பிட்டு, மேற்கோள் குறியிட்டு எடுத்தாண்ட நேர்மையாளரும் எண்ணைக் கண்டு அஞ்சி மேற்கோள்களைச் சிதைக்கிறார். திருடர் தப்புகிறார், நேர்மையாளர் தம் வாக்கியத்தை இழக்கிறார்.

இதற்கு வரும் மறுப்பை நான் அறிவேன். மென்பொருள் வருவதற்குமுன் இயல் இயலாகப் பெயர்த்தெழுதிப் பட்டம் பெற்றவர்கள் உண்டு. அந்நிலைக்குத் திரும்பச் சொல்கிறாயா? இல்லை. 2019 முதல் இன்ஃப்ளிப்நெட் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு இம்மென்பொருள் கிடைத்தது நன்மையே. ஒப்புமை அறிக்கை ஒரு கைவிளக்கு. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். காட்டிய இடத்தைப் பார்ப்பது மனிதர் வேலை. நெறியாளர் அறிக்கையின் முதற்பக்க எண்ணோடு நின்றுவிடுகிறார். உள்ளே எந்த வாக்கியம், எந்த மூலத்தோடு, ஏன் ஒத்திருக்கிறது என்று பார்க்க அரைநாள் ஆகும். அந்த அரைநாளைச் சேமிப்பதற்காக மாணவரின் மூன்று மாதங்கள் சொல் மாற்றத்தில் கழிகின்றன.

மற்றொரு மறுப்பு பரிவின் வடிவில் வருகிறது. தமிழ்வழியில் பயின்றவர்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள், இவர்களுக்கு ஆங்கிலம் வராது. கருவியைப் பயன்படுத்திக்கொள்ளட்டுமே என்பார்கள். இப்பரிவை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் இம்முறை முதலில் அழிப்பது அவர்களைத்தான். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராத ஒருவர் அதன் ஆய்வு நடையைத் தனிச்சொற்களாகப் பெறுவதில்லை, தொடர்களாகப் பெறுகிறார். நல்ல கட்டுரைகளைப் படிக்கிறார். ‘இன் த லைட் ஆஃப்’, ‘இட் ரிமெய்ன்ஸ் டு பி சீன்’, ‘தீஸ் ஃபைன்டிங்ஸ் ஆர் கன்சிஸ்டன்ட் வித்’ போன்றவற்றைக் குறித்துவைக்கிறார். தம் வாக்கியத்தில் பொருத்திப் பார்க்கிறார். எந்த மொழியையும் வளர்ந்தபின் கற்பவர் இப்படித்தான் கற்கிறார். மென்பொருள் சரியாக இத்தொடர்களின்மீதுதான் வண்ணம் பூசுகிறது. பல ஆண்டு உழைப்பில் கைவந்த ஒரே பொருத்தமான ஆங்கிலத்தை, அது பொதுவழக்கு என்பதற்காகவே, அவர் கிழித்தெறிய வேண்டியிருக்கிறது. ஆங்கிலவழியில் வளர்ந்தவர் செவியால் மாற்றியெழுதித் தப்பித்துக்கொள்வார். இவர் குவில்பாட்டிடம் போவார். பிறகு வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒருவர் அந்த விந்தைத் தொடரை உரக்கப் படித்து, அவையைச் சிரிக்கவைப்பார். அவமானம் எவருக்குப் போகிறது என்று பாருங்கள்: விதியைப் படிக்காத துறைக்கன்று, எண்ணை மட்டும் பார்த்த நெறியாளருக்கன்று.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ‘புசம் பெரில்’ போன்றவை வரமாட்டா, இது பழைய கதை என்றும் சிலர் சொல்கிறார்கள். வரமாட்டா என்பது பெரும்பாலும் சரி. அதனால்தான் எனக்கு அச்சம் கூடுகிறது. ‘புசம் பெரில்’ தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. புதிய கருவி ‘பிரெவலன்ஸ்’ என்ற இடத்தில் ‘இன்சிடன்ஸ்’ என்று வழவழப்பான வாக்கியமொன்றில் வைத்துத் தரும்போது கண் தடுக்காது. அதைப் பிடிக்க வேண்டுமானால், படிப்பவருக்கு அவ்விரண்டின் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். எழுதியவரிடம் ஏன் இச்சொல் என்று கேட்கும் வழக்கம் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, 2023 முதல் இயந்திர எழுத்தைக் கண்டறியும் எண்ணொன்றும் அறிக்கையோடு சேர்ந்து வருகிறது. அதைக் குறைக்கவும் கடைகள் திறந்துவிட்டன.

ஆய்வுக் குழுக்களில் அமரும் பேராசிரியர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ‘12 சதவீதம் இருக்கிறது, குறைத்துக்கொண்டு வா’ என்று இனி எந்த மாணவரையும் திருப்பி அனுப்பாதீர்கள். இன்ன பக்கத்தில் இன்ன வாக்கியம் இன்னாருடையது, மேற்கோள் இல்லை என்று எழுத்தில் கொடுத்து அனுப்புங்கள். அப்படிச் சுட்ட ஒரு வாக்கியமும் இல்லையென்றால், எண் என்னவாக இருந்தாலும் விலக்குகளைக் கழித்துக் கணக்கிடச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். வாய்மொழித் தேர்வில் முக்கியமான ஐந்து வாக்கியங்களை எடுத்து, இங்கே ஏன் ‘சஜெஸ்ட்’, ஏன் ‘ஷோ’ இல்லை என்று கேளுங்கள். தம் ஆய்வை அறிந்தவர் இரண்டு நிமிடத்தில் விடை சொல்வார். மென்பொருளை இயக்கும் நூலகரிடம் அந்த 14 சொல் விலக்கு அமைக்கப்பட்டிருக்கிறதா என்று நாளையே விசாரியுங்கள். மாணவர்கள் இதை நேரில் கேட்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆய்வேட்டில் கையெழுத்திடும் கையிடம் எவரும் விதிப் புத்தகத்தை நீட்டமாட்டார்கள். கையெழுத்து உங்களுடையது, கேட்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.